சுமூர்: கடிதங்களில் வாழ்ந்த கானானிய நகரம்

சுமூர் என்பது கிமு 14ஆம் நூற்றாண்டில் கானான் நாட்டின் வட கடற்கரைப் பகுதியில் இருந்த ஒரு பழமையான நகரம் ஆகும். எகிப்தியப் பேரரசு இந்நகரைத் தன் வடபகுதி நிருவாக மையமாகக் கொண்டிருந்தது. எகிப்தில் கிடைத்த அமர்னா கடிதங்களே இந்நகரைப் பற்றி அறிய உதவும் முதன்மைச் சான்று. இதன் அமைவிடம் நெடுங்காலம் மறைந்து கிடந்தது. இன்றைய சிரியாவின் கடற்கரைச் சமவெளியில் உள்ள தெல் காசெல் என்ற மண்மேடே சுமூர் என்று இப்போது ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருதுகின்றனர்.

சுமூரைக் காக்க வேண்டும் என்று முறையிட்டவர், சுமூரைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு அதனுள் நுழைந்தவர், சுமூரை மீண்டும் கட்டித் தருவதாக வாக்களித்தவர் எனப் பலருடைய கடிதங்கள் கிடைத்துள்ளன. ஆனால் சுமூரில் வாழ்ந்த பொதுமக்கள் எழுதிய கடிதம் ஒன்றுகூட அவற்றில் இல்லை. ஆகவே இந்நகரின் வரலாறு, அதற்காகப் போட்டியிட்டவர்களின் வாய்மொழியாகவே நம்மை வந்தடைந்துள்ளது.

அமர்னா கடிதங்கள்

1887இல் எகிப்தின் தெல் எல்-அமர்னா என்னுமிடத்தில் உள்ளூர் மக்கள் மண்ணைத் தோண்டியபோது எழுத்துப் பொறித்த களிமண் பலகைகள் வெளிப்பட்டன. எகிப்தில் ஆப்பெழுத்துப் பலகைகள் கிடைக்கும் என்று அப்போது யாரும் எதிர்பார்க்கவில்லை. அதனால் அவை போலியானவை என்றே சிலர் முதலில் எண்ணினர். உண்மை தெரியவருவதற்குள் சில பலகைகள் உடைந்தும் சிதறியும் போயின. பின்னர் அகழாய்வுகளில் கிடைத்தவற்றையும் சேர்த்து இன்று 382 பலகைகள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 350 கடிதங்கள். பெரும்பாலானவை பெர்லின், இலண்டன், கெய்ரோ அருங்காட்சியகங்களில் உள்ளன.

அமர்னா, பாரோ அக்கெனதென் புதிதாகக் கட்டிய தலைநகரம். அவருடைய தந்தை மூன்றாம் அமென்கோதேப் காலத்துக் கடிதங்கள் சிலவும் இங்குக் கொண்டுவரப்பட்டிருந்தன. தூதங்காமுன் காலத்தில் தலைநகரம் கைவிடப்பட்டபோது, தேவையற்றவை எனக் கருதப்பட்ட பலகைகள் அங்கேயே விடப்பட்டன. அன்று வேண்டாம் என்று விடப்பட்டவையே இன்று அக்காலத்தின் அரசியலை அறியப் பெரிதும் உதவுகின்றன.

எகிப்திய அரசனுக்கு எழுதப்பட்டிருந்தாலும் இக்கடிதங்கள் எகிப்திய மொழியில் அமைந்தவை அல்ல. அக்காலத்தில் மேற்காசிய நாடுகளுக்குப் பொதுவான தூதரக மொழியாக விளங்கிய அக்காதிய மொழியிலேயே மிகப் பெரும்பாலான கடிதங்கள் எழுதப்பட்டன. கானானிய எழுத்தர்களுக்கு அது தாய்மொழி அன்று. எனவே அவர்களுடைய அக்காதியத்தில் கானானிய இலக்கணம் கலந்துவிட்டது. எபிரேயம் போன்ற மொழிகளின் முன்வரலாற்றை ஆராய்வோருக்கு இக்கலப்பு ஒரு புதையல் எனலாம்.

அமைவிடத்தின் சிறப்பு

எகிப்தியர் கானானைத் தம் அலுவலர்கள் மூலம் மேற்பார்வையிட்டனர். தெற்கில் காசா, உள்நாட்டில் குமிதி, வடக்கில் சுமூர் ஆகியவை அவர்களின் முக்கிய மையங்கள். உள்ளூர்ச் சிற்றரசர்கள் தத்தம் நகரங்களை ஆண்டனர். எகிப்திய ஆணையரோ அரண்மனையும் களஞ்சியமும் உள்ள மைய நகரில் தங்கியிருந்தார்.

சுமூர் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு நிலவமைப்பே காரணம். லெபனான் மலைத்தொடருக்கும் அதன் வடக்கிலுள்ள மலைகளுக்கும் இடையே ஒரு தாழ்வான இடைவெளி உள்ளது. இன்று ஹோம்ஸ் கணவாய் எனப்படும் இவ்வழியே கடற்கரையிலிருந்து ஒரோண்டஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கிற்கும் காதேசு நகருக்கும் எளிதில் செல்லலாம். எகிப்திலிருந்து கப்பலில் வரும் படை இப்பகுதியில் கரையிறங்கினால், நெடுந்தொலைவு நடக்காமல் சிரியாவின் உட்பகுதியை அடைந்துவிடும். மூன்றாம் துத்மோஸ் தம் 30ஆம் ஆட்சியாண்டுப் படையெடுப்பில் காதேசைத் தாக்கியபின் சுமூருக்கு வந்ததாக அவருடைய ஆண்டுக் குறிப்புகள் கூறுகின்றன. சுமூர் யார் கையில் இருந்ததோ அவர் கையில் கணவாயின் கடற்கரை வாயிலும் இருந்தது.

அப்தி-அசிர்தா: காவலரா, கைப்பற்றியவரா?

சுமூரைச் சூழ்ந்த மலைப்பகுதி அமுர்ரு எனப்பட்டது. அங்குத் தலைவராக உயர்ந்தவர் அப்தி-அசிர்தா. அமர்னா காலக் கடிதங்களில் முதலில் இவர் எகிப்தின் பணியாளராகவே தோன்றுகிறார். சுமூரையும் உல்லாசா என்ற நகரையும் பாரோவுக்காகத் தாம் காவல் காத்து வருவதாக எழுதுகிறார்.

ஒரு கடிதத்தில் அவர் எகிப்திய ஆணையர் பகம்நத்தாவுக்கு விளக்கம் அளிக்கிறார். செக்லால் என்னும் இடத்துப் படையினர் சுமூரைத் தாக்கியபோது, தாம் இர்காதா நகரிலிருந்து விரைந்து வந்து காப்பாற்றியதாகச் சொல்கிறார். அப்போது அரண்மனையில் நான்கு அலுவலர்கள் மட்டுமே இருந்தனராம். தாம் வந்திராவிட்டால் நகரும் அரண்மனையும் தீக்கிரையாகியிருக்கும் என்பது அவர் வாதம்.

இதே நிகழ்வுகளைப் பைப்ளோஸ் நகர அரசர் ரிப்-ஹத்தா வேறு விதமாக விவரிக்கிறார். அப்தி-அசிர்தா பாரோவின் அவையைக் கைப்பற்றிவிட்டார், பாரோவின் படுக்கையறையிலேயே உறங்குகிறார், கருவூலத்தையும் திறந்துவிட்டார் என்று அவர் குற்றம் சாட்டுகிறார். காவலர் என்று ஒருவர் தம்மைச் சொல்லிக்கொள்ள, கள்வர் என்று மற்றவர் சொல்கிறார். இரண்டு கடிதங்களும் ஒரு செய்தியில் மட்டும் ஒத்துப்போகின்றன. அப்தி-அசிர்தா சுமூர் அரண்மனைக்குள் இருந்தார் என்பதே அது.

ரிப்-ஹத்தாவின் முறையீடுகள்

அமர்னா தொகுப்பில் தனியொருவர் பெயரில் மிகுதியாக உள்ளவை ரிப்-ஹத்தாவின் கடிதங்களே. அவை ஏறத்தாழ 60 ஆகும். ஏழு முறையும் மீண்டும் ஏழு முறையும் அரசனின் காலில் விழுவதாகத் தொடங்கி, உதவி கேட்டு முடிவதே பல கடிதங்களின் அமைப்பு. அவர் கேட்டது பெரும்படை அன்று. ஒரு கடிதத்தில் 50 இணைக் குதிரைகளும் 200 காலாட்படையினரும் போதும் என்கிறார்.

அவருடைய கடிதங்களில் அக்கால மக்களின் துயரமும் தெரிகிறது. உழவர் இல்லாத வயல் கணவன் இல்லாத பெண்ணைப் போல் கிடக்கிறது என்கிறார். உணவுத் தானியத்துக்காகப் பைப்ளோஸ் மக்கள் தம் பிள்ளைகளையும் வீட்டு மரச்சாமான்களையும் விற்றுவிட்டதாக எழுதுகிறார். வறுமையாலும் போராலும் ஊர்விட்டுப் பெயர்ந்து திரிந்த அபிரு என்னும் கூட்டத்தாரை அப்தி-அசிர்தா தம் பக்கம் திரட்டிக்கொண்டார். அரசர்களின் சண்டையாகத் தோன்றுவதற்கு அடியில் எளிய மக்களின் மனக்குறையும் இருந்தது என்பதை இதனால் உணரலாம்.

ஒரு கட்டத்தில் எகிப்தியப் படை வந்தது. அப்தி-அசிர்தாவின் ஆட்சி முடிந்தது. சுமூர் மீண்டும் எகிப்தின் வசமானது. ஆனால் அப்தி-அசிர்தாவின் மகன்கள் விரைவில் தந்தையின் வழியைத் தொடர்ந்தனர். கூண்டில் அகப்பட்ட பறவையைப் போல் சுமூர் சிக்கியிருப்பதாக ரிப்-ஹத்தா எழுதுகிறார். நிலவழியை அப்தி-அசிர்தாவின் மக்களும் கடல்வழியை அர்வாத் தீவினரும் அடைத்துவிட்டனர். சுமூரில் இருந்த எகிப்திய ஆணையர் இறந்துவிட்டார் என்ற செய்தியும் அவர் கடிதத்தில் வருகிறது.

இதற்கிடையே பாரோவின் பொறுமை குறைந்தது. ரிப்-ஹத்தா ஏன் ஓயாமல் பலகை அனுப்பிக்கொண்டிருக்கிறார் என்று பாரோ கேட்டதை ரிப்-ஹத்தாவின் மறுமொழியிலிருந்தே அறிகிறோம்.

இறுதியில் சுமூர் அப்தி-அசிர்தாவின் மகன் அசிருவின் கைக்குப் போனது. ஹாபி என்ற எகிப்திய அலுவலரே நகரை ஒப்படைத்துவிட்டதாக ரிப்-ஹத்தா கூறுகிறார். தெற்கே தீரு நகரை ஆண்ட அபிமில்க்கியும் இதையே எழுதுகிறார். வெவ்வேறு நகரங்களைச் சேர்ந்த இருவர் ஒரே செய்தியைச் சொல்வதால் இக்குற்றச்சாட்டுக்கு வலு கூடுகிறது.

சுமூருக்குப் பின் ரிப்-ஹத்தாவும் நிலைக்கவில்லை. உதவி தேடி அவர் பெய்ரூத் அரசரிடம் சென்றிருந்தபோது, அவருடைய தம்பியே பைப்ளோஸ் நகரக் கதவை அவருக்கு அடைத்துவிட்டார். சொந்த நகரை இழந்து அலைந்தவர், எந்தப் பகைவரைப் பற்றி எழுதி வந்தாரோ அந்த அசிருவிடமே அடைக்கலம் தேட வேண்டியதாயிற்று.

அசிருவின் வாக்குறுதிகள்

அசிரு தந்தையைவிடத் திறமையான அரசியலாளர். தொடக்கம் முதலே பாரோவுக்குப் பணிபுரியத் தாம் விரும்பியதாகவும், சுமூரில் இருந்த பெரிய அலுவலர்களே அதைத் தடுத்ததாகவும் அவர் எழுதினார். போரினால் சிதைந்த சுமூரை மீண்டும் கட்டுமாறு பாரோ ஆணையிட்டார். கட்டுகிறேன் என்று அசிருவும் ஒப்புக்கொண்டார். ஆனால் கட்டடம் எழவில்லை. நுகாசே நாட்டு அரசர்கள் தம்மோடு போரிடுவதால் காலதாமதம் ஆகிறது என்று விளக்கம் தந்தார்.

பாரோவின் தூதர் ஹானி நேரில் வந்தபோது அசிரு ஊரில் இல்லை. தாம் துனிப் நகரில் இருந்ததாகவும், தூதர் வந்தது தமக்குத் தெரியாது என்றும், தம் உடன்பிறந்தார் மாடு, ஆடு, பறவை, மதுவகை எல்லாம் கொடுத்துத் தூதரை உபசரித்ததாகவும் பின்னர் எழுதினார். அவர் ஒளிந்துகொண்டதாகவே பாரோ கருதினார். எகிப்துக்குப் பகைவரான காதேசு அரசரோடு அசிரு உண்டு குடித்து உறவாடுவதையும் பாரோ கண்டித்தார்.

அசிரு எகிப்துக்கு வரவழைக்கப்பட்டார். ஆனால் அங்கிருந்து திரும்பியபின், வடக்கே வலுவடைந்து வந்த இட்டைட்டு அரசர் முதலாம் சுப்பிலுலியுமாவின் பக்கம் சேர்ந்து உடன்படிக்கை செய்துகொண்டார். அமுர்ரு எகிப்தின் பிடியிலிருந்து நழுவியது. அதை மீட்க முயன்ற இரண்டாம் ராமேசஸ், கிமு 1274இல் காதேசுப் போரில் இட்டைட்டுகளை எதிர்கொண்டார்.

பிற்கால வரலாறு

ராமேசஸ் காலத்து எகிப்தியப் பாப்பிரசுச் சுவடி ஒன்றில், ஓர் எழுத்தர் மற்றோர் எழுத்தரின் புவியியல் அறிவைச் சோதித்துக் கிண்டல் செய்கிறார். அவர் கேட்கும் ஊர்ப்பெயர்களில் சுமூரும் ஒன்று. கிமு 1100 அளவில் அசிரிய அரசர் முதலாம் திக்லத்-பிலேசர் அர்வாத்திலிருந்து சுமூர் வரை படகில் சென்றதாகவும், வழியில் கடல் குதிரை எனப்பட்ட ஒரு கடல் விலங்கைக் கொன்றதாகவும் பெருமையுடன் பதிவு செய்துள்ளார்.

கிமு 8ஆம் நூற்றாண்டில் மூன்றாம் திக்லத்-பிலேசர் இப்பகுதியைச் சிமிர்ரா என்ற பெயரில் ஓர் அசிரிய மாகாணமாக்கினார். கிமு 720இல் அமாத், திமிஷ்கு, சமாரியா ஆகியவற்றோடு சேர்ந்து சிமிர்ராவும் அசிரியாவை எதிர்த்தது. இரண்டாம் சார்கோன் அக்கிளர்ச்சியை அடக்கினார். விவிலியத்தின் தொடக்க நூலில் கானானின் வழிவந்தவர்களாக அர்வாதியரையும் அமாத்தியரையும் அடுத்துச் சொல்லப்படும் செமாரியர் இந்நகரத்தாரே எனக் கருதப்படுகின்றனர். கிரேக்க, உரோமை எழுத்தாளர்கள் இதைச் சிமிரா என்றனர். பின்னர் நகரம் அழிந்தது. அது எங்கிருந்தது என்பதும் மறந்துபோயிற்று.

தெல் காசெல் அகழாய்வு

தெல் காசெல், சிரியாவின் தர்தூஸ் நகருக்குத் தெற்கே, அக்கார் சமவெளியில், அப்ராஷ் ஆற்றின் அருகே உள்ளது. கடலிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள இம்மேடு அச்சமவெளியின் மிகப்பெரிய தொல்மேடுகளில் ஒன்று. 1956இலும் 1960 முதல் 1962 வரையும் மொரிஸ் துனான் சிரிய ஆய்வாளர்களோடு இணைந்து இங்கு அகழ்ந்தார். 1985 முதல் பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் சார்பில் லைலா பத்ர் தலைமையில் அகழாய்வு தொடர்ந்தது. பிந்திய வெண்கலக் காலக் கோயில், பெரிய மாளிகை, சைப்பிரசிலிருந்தும் கிரேக்கத்தின் மைசீனியப் பண்பாட்டிலிருந்தும் வந்த மட்பாண்டங்கள் ஆகியவை வெளிப்பட்டன. கடல் வாணிகத்தில் செழித்த ஒரு நகரம் அங்கு இருந்தது என்பதை இவை காட்டுகின்றன.

கடிதங்கள் எழுதப்பட்ட களிமண்ணே மற்றொரு சான்றாக அமைந்தது. களிமண்ணில் கலந்துள்ள கனிமங்களைக் கொண்டு, ஒரு பலகை எப்பகுதி மண்ணால் செய்யப்பட்டது என்பதைக் கண்டறிய முடியும். அமர்னா பலகைகளை இவ்வாறு ஆராய்ந்த ஒரு விரிவான நூல் 2004இல் வெளிவந்தது. சுமூரைத் தெல் காசெலோடு இணைக்கும் கருத்துக்கு அந்த ஆய்வும் துணைநிற்கிறது. எனினும் நகரின் பெயரைத் தாங்கிய கல்வெட்டோ பலகையோ கிடைத்து இவ்வடையாளம் உறுதிப்பட்டதன்று. நிலவமைப்பு, காலம், அகழாய்வுப் பொருட்கள் ஆகியவை ஒன்றோடொன்று பொருந்துவதாலேயே இது ஏற்கப்படுகிறது.

கடிதங்களும் வரலாறும்

கடிதம் ஒரு நேரடிச் சான்று. ஆனால் அது நடுநிலைச் சான்று அன்று. ஒவ்வொரு கடிதமும் பாரோவிடம் எதையோ பெறுவதற்காக எழுதப்பட்டது. ஆகவே எழுதியவர் யார், அவருக்கு என்ன வேண்டும், அதே செய்தியை வேறு யார் சொல்கிறார் என்ற மூன்று கேள்விகளையும் கேட்ட பின்னரே அதில் உள்ளதை வரலாறாகக் கொள்ள இயலும். அபிமில்க்கியின் கடிதம் கிடைத்திராவிட்டால், ஹாபி பற்றிய ரிப்-ஹத்தாவின் குற்றச்சாட்டு தோற்றுப்போன ஒருவரின் புலம்பலாகவே ஒதுக்கப்பட்டிருக்கும்.

சுமூர் மக்களின் கடிதம் இல்லாத குறையைத் தெல் காசெல் மண் ஓரளவு தீர்க்கிறது. அவர்கள் வழிபட்ட கோயிலின் அடித்தளமும், தொலைநாடுகளிலிருந்து வாங்கிப் பயன்படுத்திய கலங்களும் அங்குக் கிடைத்துள்ளன. பாரோவிடம் எதையும் கேட்டுப் பெறுவதற்காக அவை உருவாக்கப்படவில்லை. கடிதங்கள் சொல்வதைச் சரிபார்க்க அவை உதவுவதற்கு இதுவே காரணம்.