வேட்டி கட்டு

வேட்டியையும் கைலியையும் இடுப்பில் உடுத்தும் முறைகள். பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பேர்போன காஞ்சிபுரத்தில் அவற்றில் பலவும் இன்றும் புழக்கத்தில் உள்ளன.

நாலு முழம் ஒற்றைச் சுற்று. எட்டு முழத்தை இரண்டாக மடித்துச் சுற்றுவர்.

பழகிய கை வேண்டுவது பஞ்சகச்சத்துக்கே. வரதராஜப் பெருமாள் கோயில் பட்டர்கள் உடுத்துவது இதுதான். கடைகளில் ‘ஒன்பது ஐந்து’ என்று கேட்டால் 9 முழ வேட்டியும் 5 முழ அங்கவஸ்திரமும் கிடைக்கும். வேட்டியின் நடுப்பகுதியை இடுப்பில் இறுக்கி, ஒரு முனையைக் கொசுவிக் கால்களுக்கிடையே வாங்கிப் பின்னால் செருக வேண்டும். மறுமுனைக் கொசுவம் முன்னால் வரும். ஓடியாடி வேலை செய்தாலும் நழுவாது.

முனைகள் மூட்டிய கைலி வீட்டுக்கும் வேலைக்கும். அதை மடித்துக் கட்டியவர், பெரியவர்கள் எதிரே வந்தால் இறக்கிவிடுவது மரியாதை.

வேட்டி அணிந்தவரைச் சென்னைக் கிளப் ஒன்று தடுத்ததையடுத்து, 2014-இல் இத்தகைய தடைகளுக்கு எதிராகத் தமிழ்நாடு சட்டம் இயற்றியது.