காயத்தோடு தொடங்கிய கேட்டல்

1521 மே மாதம் பாம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டு, பின்னாளில் இயேசு சபையை நிறுவிய வீரர் இனிகோவின் கால் முறிந்தது. லொயோலாவில் இருந்த குடும்ப வீட்டில் மாதக்கணக்கில் படுக்கை. படிக்க வீரசாகசக் கதைகளைக் கேட்டார். கிடைத்தவை கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வாழ்க்கையும்தான்.

அங்கேதான் அவர் ஒன்றைக் கவனித்தார். அரண்மனைப் புகழையும் பெண்ணின் காதலையும் எண்ணும்போது மனம் இனித்தது, பிறகு வறண்டது. புனிதர்களைப் போல வாழ எண்ணியபோதோ அந்த மகிழ்ச்சி தங்கியது. எந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதை அதன் பின்விளைவிலிருந்து அறியும் பழக்கம் இப்படிப் பிறந்தது. வானத்திலிருந்து குரல் கேட்கக் காத்திராமல், தன் நாளையே வாசிக்கக் கற்றார் அவர்.

பின்னர் மன்ரேசா நகரில் அவர் எழுதத் தொடங்கிய 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் இதற்கு வியக்கத்தக்க அளவு நடைமுறை விவரம் இருக்கிறது. திருத்த விரும்பும் குறையில் விழும்போதெல்லாம் நெஞ்சில் கை வைக்க வேண்டும். மதிய உணவுக்குப் பின்னும் இரவிலும் நாளைத் திரும்பிப் பார்த்து, விழுந்த ஒவ்வொரு முறைக்கும் கோட்டில் ஒரு புள்ளி இட வேண்டும். நாளுக்கு இரண்டு கோடுகள், வாரத்துக்கு ஏழு இணைகள்.

குருப்பட்டம் பெறாத ஒருவர் இதையெல்லாம் போதிப்பதைத் திருச்சபை அதிகாரிகள் சந்தேகித்தார்கள். 1527இல் அல்கலாவில் 42 நாள் சிறை, பின் சலமன்காவிலும் சிறை. அவர் விடவில்லை, அந்தப் பிடிவாதத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் நூலுக்கு ஒப்புதல் தந்தார். நாளைத் திரும்பிப் பார்க்கும் இந்த 'ஆன்மச் சோதனை' இயேசு சபையினருக்கு அன்றாடக் கடமையானது.