அறுபது என்ற கோடு: கடுகண்ணாவை ஏற்றமும் கோச்சி சாரதிகளும் விமானிகளும்



போன கிழமை ளுஹர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் திண்ணையில் இருந்தபோது பேச்சு வயதைப் பற்றித் திரும்பியது. "விமானம் ஓட்டுபவருக்கு 65 வரைக்கும் இடமிருக்கு. கோச்சி ஓட்டுபவருக்கு மட்டும் ஏன் 60?" என்று ஒரு தம்பி கேட்டார். பக்கத்தில் ரயில்வேயில் வேலை செய்து ரிட்டயர் ஆன ஒரு நானா இருந்தார். அவர் சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் எங்கள் மலை. இந்த நாட்டில் கோச்சி முதன்முதலில் ஓடியது 1864 டிசம்பர் 27, கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை. கண்டிக்கு வந்து சேர 1867 ஆயிற்று. தாமதத்துக்குக் காரணம் இந்த ஏற்றம். றம்புக்கணையிலிருந்து கடுகண்ணாவைக்குச் சுமார் 20 கிலோமீற்றர்தான், அதற்குள் 400 மீற்றருக்கு மேல் ஏற வேண்டும். ஏறத்தாழ 45 அடி போனால் ஓர் அடி உயரம். நீராவி எஞ்சின் காலத்தில் முன்னால் ஒரு எஞ்சின் இழுக்க, பின்னால் இன்னொன்று தள்ளும்.

ஏறுவதை விட இறங்குவதுதான் கஷ்டம் என்று பழைய சாரதிகள் சொல்வார்கள். மழை பெய்து தண்டவாளம் வழுக்கும்போது, பலனையிலிருந்து கீழே எந்த வளைவில் எவ்வளவு பிரேக் பிடிக்க வேண்டும் என்பது புத்தகத்தில் இல்லை. பல வருடம் உதவிச் சாரதியாகப் பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் அது கைவரும். அப்படிக் கற்றவர் சாரதி ஆவார், அவர் பக்கத்தில் இன்னொரு இளைஞர் வந்து நிற்பார். 150 வருடத்துக்கும் மேலாக இந்த மலையில் கோச்சி ஏறி இறங்குவது இப்படித்தான்.

இனி 2022க்கு வருவோம். அரச ஊழியருக்கு 60 வயதில் கட்டாய ஓய்வு என்பது எங்களுக்கெல்லாம் பழகிப்போன கணக்கு. 2021 நவம்பரில் வந்த வரவு செலவுத் திட்டம் அதை 65 ஆக உயர்த்தியது. பலர் அதை நம்பித் திட்டம் போட்டார்கள். சிலர் கடன் எடுத்தார்கள், சிலர் பிள்ளையின் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டார்கள். பொருளாதார நெருக்கடி முற்றியபோது, 2022 ஆகஸ்ட் இறுதியில் வந்த இடைக்கால வரவு செலவுத் திட்டம் அதை மறுபடி 60க்கு இறக்கியது. 60ஐத் தாண்டியவர்கள் எல்லோரும் அந்த வருடம் டிசம்பர் 31இல் போக வேண்டும் என்றானது.

ஒரே இரவில் ஆயிரக்கணக்கானோர் வீட்டுக்குப் போனார்கள். விசேட வைத்திய நிபுணர்கள் நீதிமன்றம் போனார்கள். ரயில்வேயில் சாரதிகள், நிலைய அதிபர்கள் என்று நூற்றுக்கணக்கானோர் விலகியதால், 2023 ஜனவரி முதல் நாட்களிலேயே ஆளில்லாமல் கோச்சிகள் ரத்தாகின. ஓய்வு பெற்றவர்களையே ஒப்பந்த அடிப்படையில் திரும்ப எடுக்கலாமா என்ற பேச்சும் உடனே எழுந்தது. நேற்று வரை வேண்டாம் என்றவரை இன்று காலை வாருங்கள் என்று கூப்பிட வேண்டிய நிலை.

சரி, இந்த எண்களை யார் தீர்மானித்தார்கள்? ஜெர்மனியில் 1889இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது வயது 70. அதை 65 ஆக்கியது 1916இல். இடைப்பட்ட காலத்தில் மனித உடம்பு மாறவில்லை, அரசின் கணக்கு மாறியது.

விமானிகளின் கதை இன்னும் சுவாரசியமானது. அமெரிக்காவில் 60 வயது விதி 1959 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 1960 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. வயதானால் திடீரென்று மாரடைப்பு வரலாம், பயணிகளின் உயிர் போகலாம் என்பது சொல்லப்பட்ட காரணம். அதில் நியாயம் உண்டு. ஆனால் அதற்குக் கொஞ்சம் முன்னர்தான் அமெரிக்கன் எயார்லைன்ஸ் நிறுவனம் 60 வயது விமானிகளை வீட்டுக்கு அனுப்பப் பார்த்துத் தன் விமானிகளோடு முரண்பட்டிருந்தது. அதன் தலைவர் சி.ஆர். ஸ்மித், அரச விமானப் போக்குவரத்து நிர்வாகியான கெசாடாவுக்கு இது பற்றிக் கடிதம் எழுதினார். விதியும் வந்தது. பதவி விட்ட பிறகு அதே நிறுவனத்தின் பணிப்பாளர் சபையில் கெசாடா சேர்ந்தார். மருத்துவமும் வியாபாரமும் எங்கே பிரிந்தன என்று இன்றும் வாதாடுகிறார்கள்.

அனுபவத்தின் பெறுமதியையும் அதே வானம் காட்டியது. 1989இல் அமெரிக்காவில் ஒரு விமானத்தின் கட்டுப்பாட்டுத் தொகுதிகள் எல்லாம் செயலிழந்தன. அதில் இருந்த 296 பேரில் 184 பேர் உயிர் தப்பக் காரணமான குழுவின் தலைவர் அல் ஹேன்ஸ். 2009 ஜனவரியில் இரண்டு எஞ்சினும் நின்றுபோன விமானத்தை நியூயோர்க்கின் ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காப்பாற்றியவர் சல்லன்பெர்கர். இருவருக்கும் அப்போது வயது 57.

2006 நவம்பரில் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வயதை 65 ஆக்கியது. ஒரு நிபந்தனையும் வைத்தது: ஒரு விமானி 60ஐத் தாண்டியவர் என்றால் மற்றவர் 60க்குக் குறைந்தவராக இருக்க வேண்டும். 60க்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை. 2014இல் அந்த ஜோடி நிபந்தனையை நீக்கினார்கள். 2025இல் விமான நிறுவனங்களின் சங்கம் 67 கேட்டது, அது ஏற்கப்படவில்லை.

அந்த 2006 நிபந்தனையை வாசித்தபோது எங்களுக்கு எங்கள் மலைதான் ஞாபகம் வந்தது. அவர்கள் மாரடைப்புக்குப் பயந்து வைத்த ஏற்பாடு அது. ஆனாலும் மூத்தவர் பக்கத்தில் இளையவர் என்பது றம்புக்கணையிலும் கடுகண்ணாவையிலும் கோச்சிக்காரர் நூறு வருடத்துக்கு மேலாகச் செய்து வருவதுதானே.

இளைஞர்களுக்கு வேலை வேண்டாமா என்று சிலர் கேட்பீர்கள். நிச்சயம் வேண்டும். கண் மங்கியவர், கை நடுங்குபவர் எஞ்சினில் நிற்கவும் கூடாது. ஏதோ ஒரு வயதில் கோடு போடத்தான் வேண்டும். 60ஆ 65ஆ என்பதில் எங்களுக்குப் பிடிவாதம் இல்லை. மூத்தவர் இறங்கும் நாளில் அவர் இடத்துக்கு ஒருவர் தயாராக இருக்கிறாரா என்பதே எங்கள் கேள்வி. 2022இல் ஒரே வருடத்துக்குள் கோட்டை மேலும் கீழும் இழுத்தார்கள், அடுத்தவரைத் தயார்படுத்த அவகாசம் கொடுக்கவில்லை. அதே காலத்தில் எங்கள் தேசிய விமான சேவையின் இளம் விமானிகள் பலர் சம்பளம் தேடி வெளிநாடு போனார்கள். மூத்தவரை அனுப்பிவிட்டோம், இளையவர் தாமாகப் போனார். நடுவில் யார் மிச்சம்?

ஆசிரியர்களான எங்களுக்கும் இது கேள்விப்பட்ட கதை அல்ல. 2022க்கான உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரி 23இல் தொடங்கியது. டிசம்பர் 31க்கும் அதற்கும் இடையே மூன்று கிழமை. எங்களோடு படிப்பித்த ஒரு சேர் அந்த இரவோடு ஓய்வு பெற்றார். ஜனவரியில் பின்னேரங்களில் பிள்ளைகளைத் தன் வீட்டு விறாந்தைக்குக் கூப்பிட்டு, ஒரு சதமும் வாங்காமல் பாடத்தை முடித்துக் கொடுத்தார். கோடு போட்டவர்களுக்கு அது தெரியாது. அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். அல்லாஹ் அவருக்கு நற்கூலி கொடுப்பானாக.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எங்கள் ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் ரயில்வே நூதனசாலைக்கு நாடு முழுவதிலுமிருந்து பாடசாலைப் பிள்ளைகள் வருகிறார்கள். பழைய எஞ்சின்களைத் தொட்டுப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கோச்சியில் காலம் கழித்த ஆட்கள் கூப்பிடு தூரத்தில் சும்மா இருக்கிறார்கள். பள்ளித் திண்ணையில் சிரித்த அந்த நானாவும் அவர்களில் ஒருவர். உங்கள் வீட்டில், அயலில் சிங்களவர், தமிழர், முஸ்லிம் யாராக இருந்தாலும் அப்படி ஒருவர் இருந்தால், இந்த விடுமுறையில் பிள்ளையை அவரிடம் அனுப்புங்கள். கையில் ஒரு கொப்பி கொடுத்து அனுப்புங்கள். மழை நாளில் பலனையிலிருந்து எப்படி இறங்கினீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்.

நாங்களும் இந்தக் கிழமை நானாவைப் பார்க்கப் போகிறோம். அவர் சொல்லாமல் விட்ட பதிலைக் கேட்டு எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.