ஆம்பி முதல் தள்ளுவண்டி வரை

கோவையில் சாயங்காலம் தள்ளுவண்டி முன் நின்று “அண்ணா, ஒரு காளான்” என்றால், வெங்காயமும் கொத்தமல்லியும் தூவிய மசாலாக் கலவை சுடச்சுடத் தட்டில் வரும். அதில் பெரும்பங்கு முட்டைக்கோஸ்தான். பெயர் மட்டும் காளான்.

பழந்தமிழில் காளானை ஆம்பி என்றார்கள்; அது பசியோடு ஒட்டியிருந்தது. நெடுநாள் சமைக்காத அடுப்பில் ஆம்பி பூத்துவிட்டது என்று வள்ளல் குமணனிடம் முறையிடுகிறார் பெருந்தலைச் சாத்தனார் (புறநானூறு 164). சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் காட்டும் வறிய சமையலறையில் அதுவே காளாம்பி. இச்சொல் தேய்ந்துதான் காளான் ஆகியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். காளாம்பி முளைத்த இடத்தையும் நத்தத்தனார் விடவில்லை: பழஞ்சுவரைக் கறையான் அரித்து உதிர்த்த புழுதி. தண்டு உள்துளை உடையது என்றும் அடை தருகிறார். கறையான் புற்றில் முளைக்கும் இன்றைய புற்றுக்காளானின் தண்டோ பெரும்பாலும் கெட்டி. ஆகவே இரண்டும் ஒன்றே என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கறையானையும் காளானையும் சேர்த்துப் பார்த்த கண் அது.

அந்த உறவு உண்மையானது. ஒருவகைக் கறையான், மென்று கழித்த இலைதழைகளைப் புற்றுக்குள் அடுக்கி, அதில் பூஞ்சை வளர்த்து உண்கிறது. மழை இறங்கியதும் அந்தப் பூஞ்சைதான் காளானாக வெளியே வருகிறது. இந்தப் பேரினத்துக்கு டெர்மிட்டோமைசஸ் என்று 1942-இல் பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஹைம். அவர் பெயரிலேயே 1979-இல் தென்னிந்திய இனம் ஒன்றை விவரித்தார் கே. நடராஜன். கோவை வேளாண் பல்கலைக்கழகம் சிப்பிக்காளானையும் பால்காளானையும் கொட்டகைக்குள் கொண்டுவந்துவிட்டது. புற்றுக்காளான் மட்டும் இன்னும் கறையானின் பண்ணையை விட்டு வரவில்லை.

புற்றுக்காளானைக் கண்டுகொள்ள, பிடுங்காமல் தோண்டிப் பாருங்கள். தண்டு வேர்போல் நீண்டு மண்ணுக்குள் புற்றறை வரை இறங்கும். குடையின் நடுவில் கூரான குமிழ் இருக்கும். அடியிலுள்ள மடல்கள் வெள்ளை. முதிர்ந்தால் இளஞ்சிவப்பு ஏறும். குடையை வெள்ளைத் தாளில் ஓரிரவு கவிழ்த்தால் இளஞ்சிவப்புத் தூள் படியும். பச்சையாகப் படிந்தால் அது புல்வெளிகளில் முளைக்கும் நச்சுக்காளான். தண்டின் அடியில் கிண்ணம்போல் உறை இருந்தால் தொடவே வேண்டாம். கொல்லும் இனங்கள் அந்தக் கூட்டத்தில் உண்டு. நஞ்சு உண்டா என்று வெள்ளிக்காசு போட்டு வேகவைத்துப் பார்ப்பது சோதனையே அல்ல. இத்தனை அடையாளமும் பொருந்தினாலும், அந்தக் காட்டுக் காளானைப் பறித்துத் தின்று பழகியவர் பார்த்துச் சொல்லாமல் உலையில் போடாதீர்கள்.