நூல் அறிந்தவரும் ஊசி அறிந்தவரும்

கொரியத் தொலைக்காட்சித் தொடர்களை விடாமல் பார்க்கும் குடும்பங்களுக்கு ஹோ ஜுன் என்ற பெயர் புதிதாக இராது. அந்த மருத்துவரின் வாழ்க்கையைச் சொல்லும் தொடர் 1999ஆம் ஆண்டு கொரியாவில் ஒளியேறத் தொடங்கி, பெரும் வரவேற்பைப் பெற்றது. அவர் காலத்திலேயே, அதே அரண்மனையில் பணியாற்றிய இன்னொரு மருத்துவரின் பெயர் ஹோ இம். அவரை நாயகனாக்கி 2017ல் ஒரு தொடர் வரும்வரை கொரியர்களிலேயே பலருக்கு அவரைத் தெரியாது. ஆனால் கொரிய நாட்டின் அக்குபங்சர் நூல்களைப் பற்றிப் பேசினால் முதலில் பேச வேண்டியவர் அவர்தான்.

இந்த இருவரும் சேர்ந்து நின்ற ஓர் இரவு அரசாங்க ஏட்டிலேயே பதிவாகியிருக்கிறது. 1604ஆம் ஆண்டு. ஜோசோன் அரசர் சோன்ஜோவுக்கு நெடுநாளாக இருந்துவந்த ஒற்றைத் தலைவலி, இரவில் திடீரென்று கடுமையாகிறது. ஊசி குத்திக்கொள்ளலாமா என்று அரசர் கேட்கிறார். பதில் சொல்ல வேண்டியவர் ஹோ ஜுன். நாட்டின் தலைசிறந்த மருத்துவர். வயது 65ஐ ஒட்டியிருந்தது. மாபெரும் மருத்துவ நூல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தவர். அவர் சொன்ன பதில் என்ன தெரியுமா? தமக்கு ஊசி குத்தும் முறை தெரியாது. ஆனால் ஊசி மருத்துவர்கள் வெப்பத்தைத் தணித்தால்தான் வலி குறையும் என்கிறார்கள். ஹோ இம் வழக்கமாகச் சொல்லும் கருத்தும் நியாயமாகவே படுகிறது என்றார்.

திரை மறைப்பு இடப்பட்டது. பட்டத்து இளவரசரும் மருத்துவர்களும் அறைக்குள்ளே. மற்ற அதிகாரிகள் வெளியே. நாம் யோங் என்ற மருத்துவர் ஊசி குத்த வேண்டிய இடங்களைக் குறித்தார். ஹோ இம் ஊசியைக் கையில் எடுத்தார். பின்னர் ஹோ ஜுன்னுக்கு ஒரு குதிரை பரிசாகக் கிடைத்தது. ஊசி மருத்துவர்கள் இருவருக்கும் பதவி உயர்ந்தது.

அரசர் எதிரே நின்று “எனக்குத் தெரியாது” என்று சொல்வது எளிய காரியமல்ல. ஹோ ஜுன்னின் நூலைவிட இந்தப் பதிலே அவருடைய பெருமையை அதிகம் காட்டுகிறது எனலாம்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் நூல்கள் இல்லாமை அல்ல. கொரியாவில் ஊசி மருத்துவ நூல்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. சில்லா அரசு 692ஆம் ஆண்டு மருத்துவக் கல்விக்கூடம் அமைத்தபோதே அங்குப் பாடமாக வைத்தவற்றுள் “ஊசி நூல்” ஒன்று. அது சீனாவிலிருந்து வந்தது. பிற்காலத்தில் சீனாவிலேயே அதன் நல்ல பிரதி கிடைக்காமல் போயிற்று. 1091ஆம் ஆண்டு சோங் பேரரசு, கொர்யோ நாட்டுத் தூதர்களிடம் நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களின் பட்டியலைக் கொடுத்து, உங்களிடம் இருந்தால் பிரதி அனுப்புங்கள் என்று கேட்டது. கொர்யோ அனுப்பியவற்றுள் ஊசி நூலும் இருந்தது. 1093ல் சோங் அரசு அதை அச்சிட உத்தரவிட்டது. கற்றுக்கொண்ட வீட்டிலிருந்து கற்றுக்கொடுத்த வீட்டுக்கே திரும்பிய நூல் அது.

ஊசியோடு எப்போதும் சேர்த்துச் சொல்லப்படுவது சூடு. மாசிபத்திரி இனத்துச் செடியின் இலையைக் காயவைத்து, இடித்து, பஞ்சுபோலாக்கி, சின்னஞ்சிறு கூம்புகளாக உருட்டி உடலின் குறிப்பிட்ட இடத்தில் வைத்துக் கொளுத்துவார்கள். எத்தனை கூம்பு எரிக்க வேண்டும் என்பதுதான் மருந்தின் அளவு. ஊசிக்கு ‘சிம்’, சூட்டுக்கு ‘தும்’ என்பது கொரியச் சொல். இரண்டையும் சேர்த்துச் சீன எழுத்து வழக்கில் ‘சிம்கு’ என்பார்கள்.

நூல்கள் பெருகிய நாட்டைப் போர் சூறையாடியது. 1592ல் ஜப்பானியப் படை கொரியாவுக்குள் புகுந்தது. 1477ல் அச்சான, 266 தொகுதிகள் கொண்ட ‘உய்பாங் யுச்வி’ என்ற மருத்துவக் களஞ்சியத்தைத் தளபதி காத்தோ கியோமாசாவின் படை எடுத்துச் சென்றது. அந்த முதற்பதிப்பில் எஞ்சிய ஒரே பிரதி, 252 தொகுதிகளுடன், இன்றும் ஜப்பானிய அரண்மனை நூலகத்தில்தான் இருக்கிறது. நோயாளிகள் பெருகி, நூல்கள் மறைந்த அந்த நேரத்தில்தான், 1596ல், புதிய நூல் ஒன்றை எழுதும்படி சோன்ஜோ ஆணையிட்டார். மறு ஆண்டே மீண்டும் படையெடுப்பு. எழுத வந்த குழு சிதறியது. பிறகு ஹோ ஜுன் தனியாளாகத் தொடர்ந்தார். 1608ல் அரசர் இறந்ததும் அவரைக் காப்பாற்றத் தவறியதாக நாடு கடத்தப்பட்டவர், அந்த நிலையிலும் எழுதினார். 1610ல் முடிந்த ‘டோங்குயி போகாம்’ 1613ல் 25 தொகுதிகளாக அச்சேறியது. 2009ல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் அது இடம்பெற்றது.

அந்த 25 தொகுதிகளில் ஊசிக்கும் சூட்டுக்கும் தனியே ஒதுக்கியது ஒன்றே ஒன்று, அதுவும் கடைசியில். ஒவ்வொரு நோயைப் பற்றிய பகுதியின் முடிவிலும் ஊசி முறை சொல்லப்பட்டிருப்பது உண்மை. ஆனாலும் அது முன்னோர் நூல்களைச் சலித்து எடுத்த அறிவு. ஊசி பிடித்த கை எழுதியதல்ல.

ஊசி பிடித்த கையோ எழுதவே உரிமையில்லாத குடியில் பிறந்தது. ஹோ இம்மின் தந்தை அரசவை இசைக்கலைஞர். தாய் ஒரு வீட்டு அடிமை. அன்றைய ஜோசோன் சட்டப்படி கடைக்கோடிப் பிறப்பு. பெற்றோர் நோயுற்றபோது ஒரு மருத்துவர் வீட்டில் வேலை செய்து, பார்த்துப் பார்த்துத் தொழிலைக் கற்றவர். அடுத்து வந்த அரசர் குவாங்ஹே அவரை மாவட்ட ஆட்சியாளராக நியமித்தபோது அதிகாரிகள் கொதித்தெழுந்தார்கள். அவருடைய தாய் யார், தந்தை யார் என்று ஏட்டில் எழுதிவைத்தே எதிர்த்தார்கள். இன்று அவருடைய பிறப்பைப் பற்றித் தெரிவதற்கு அந்த வசைதான் சான்று!

முதிய வயதில் அவர் எழுதிய நூல் 1644ல் வெளியானது. ‘சிம்கு கியோங்ஹோம்பாங்’ என்று பெயர். ஊசி, சூடு பற்றிய அனுபவ முறைகள் என்று பொருள். ஒரே தொகுதி. தத்துவம் கொஞ்சம்தான். மருத்துவர்கள் வழக்கமாகத் தவறான இடத்தில் குத்தும் புள்ளிகளுக்கு அதில் ஒரு தனிப்பகுதி உண்டு. உடலை அளக்க நோயாளியின் விரலே அளவுகோல். தமிழில் விரற்கடை என்பதுபோல. ஆளுக்கு ஆள் அளவு மாறும். அதைக் கவனியாமல் படத்தைப் பார்த்துக் குத்துகிறவர்களுக்குத்தான் இந்தப் பகுதி. ஊசியை ஒரே அழுத்தில் இறக்காமல் நிறுத்தி நிறுத்திச் செலுத்தும் முறையையும் அவர் எழுதிவைத்தார். வாழ்நாள் பாட்டை வீணாக விட மனமில்லாமல் எழுதியதாகவே முன்னுரையில் சொல்கிறார். முன்னோருக்கு நிகராகத் தம்மைக் காட்டிக்கொள்ளவில்லை.

கைத்திறன் என்பது எவ்வளவு ஆபத்தான சொத்து என்பதை 15 ஆண்டுகளில் கொரியா கண்டது. 1659ல் அரசர் ஹியோஜோங்கின் தலையில் கட்டி. சின் காக்வி என்ற மருத்துவர் ஊசியால் கீறினார். முதலில் சீழ் வந்தது. பிறகு நிற்காமல் குருதி. அரசர் அன்றே இறந்தார். அந்த மருத்துவருக்குக் கை நடுக்கம் இருந்ததாகப் பதிவு இருக்கிறது. அவர் தூக்கிலிடப்பட்டார். முன்பு இதே அரசரைக் குணப்படுத்திய கைதான் அது.

இந்த நூல்கள் சொல்லும் நாடி வழிகளை இன்றைய உடற்கூற்று நூல்களில் தேடினால் கிடைக்காது. 400 ஆண்டுக்கு முந்திய நூலைப் பார்த்து யாரும் வீட்டில் ஊசி எடுக்கவும் வேண்டாம். ஆனால் “இப்படிச் செய்தேன், இது பலித்தது, இந்த இடத்தில் பலரும் தவறுகிறார்கள்” என்று ஒரு தொழிலாளியே எழுதிய நூல் என்ற வகையில் ஹோ இம்மின் ஏட்டுக்கு மதிப்பு உண்டு.

அந்த மதிப்பை முதலில் உணர்ந்த வெளிநாடு ஜப்பான்தான். 1725ல் அங்கு இந்நூல் மறுபதிப்பானது. போரில் படகேற்றிப்போன நூல்களைப்போல் அல்லாமல், இதை அவர்கள் தாங்களே விரும்பிப் பலகை செதுக்கி அச்சிட்டார்கள்.