நிழலை அளந்தவர்களும் நிழலை மறந்தவர்களும்

 



இன்று நம் பிள்ளைகளின் கையிலுள்ள கைப்பேசி தொழுகை நேரத்தைச் சொல்கிறது, கிப்லாவைக் காட்டுகிறது, ஜகாத்தைக் கணக்கிடுகிறது, வாரிசுகளுக்குச் சொத்தைப் பங்கிட்டும் தருகிறது. இவை அனைத்தும் அல்லாஹ் அருளிய நிஃமத்துகளே என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கைப்பேசியைச் சற்று நேரம் அணைத்து வைத்துவிட்டு, "இங்கே வடக்கு எது? அஸர் நேரம் வந்துவிட்டதா? பன்னிரண்டாயிரம் ரூபாயில் நாற்பதில் ஒரு பங்கு எவ்வளவு?" என்று கேட்டால், பட்டம் பெற்ற இளைஞர்களிலும் பலர் திகைத்து நிற்கக் காண்கிறோம். முந்நூறு ரூபாய் என்னும் விடையை எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமார்கள் விரல்விட்டுச் சொன்னார்கள்.

இது இளைஞர்களைப் பழிப்பதற்காக எழுதப்படுவதன்று. நம் சமுதாயம் கருவியையும் அறிவையும் எவ்வாறு சேர்த்துப் பேணிற்று, எந்த இடத்தில் ஒன்றை நழுவவிட்டது என்பதை வரலாற்றின் வெளிச்சத்தில் பார்ப்பதே நம் நோக்கம்.

வணக்கம் தந்த கல்வி

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் கிப்லா பைத்துல் முகத்தஸிலிருந்து கஃபாவுக்கு மாற்றப்பட்டது. அன்று முதல் உலகின் எந்த மூலையில் வாழும் முஸ்லிமுக்கும் திசையறிவு தேவையாயிற்று. ஐவேளைத் தொழுகையோ காலத்தை அறியும் கல்வியை அவன்மீது கடமையாக்கிற்று.

ஷரீஅத் இதற்கென வகுத்த அடையாளங்களின் எளிமையைக் கவனியுங்கள். கீழ்வானில் வெண்மை குறுக்காகப் பரவினால் ஸுப்ஹு. நட்டுவைத்த குச்சியின் நிழல் மிகக் குறுகி, பின்பு கிழக்கு நோக்கி நீளத் தொடங்கினால் லுஹர். உச்சி வேளையில் இருந்த நிழலைக் கழித்துவிட்டுப் பார்க்கும்போது, எஞ்சிய நிழல் குச்சியின் உயரத்தை எட்டினால் ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர். அதன் இரு மடங்கை எட்டினால் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கூற்றுப்படி அஸர். கதிரவன் மறைந்தால் மஃரிப். செவ்வானம் மறைந்தால் ஷாஃபிஈகளுக்கு இஷா. ஆடு மேய்ப்பவரும் மீன் பிடிப்பவரும் ஆசானின்றி அறியத்தக்க அடையாளங்கள் இவை. தேவைப்பட்ட கருவி ஒரு குச்சி மட்டுமே.

கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகளும் மிகுதியாக வாழும் நம் தமிழகத்தில், இரு மத்ஹபுகளின் அஸர் நேரம் ஏன் வேறுபடுகிறது என்பதை ஒரு காலத்தில் சிறுவர்களும் அறிந்திருந்தனர். இன்று இரு கைப்பேசிகள் இரு நேரங்களைக் காட்டினால், "எது சரி?" என்று கேட்டு இமாமிடம் வருகிறார்கள். செயலியில் மத்ஹபைத் தேர்ந்தெடுக்கும் இடம் ஒன்று உண்டு என்பதும், ஸுப்ஹு, இஷா நேரங்களுக்குக் கதிரவன் அடிவானத்தின் கீழ் எத்தனை பாகை இருக்க வேண்டும் என்பதைப் பல செயலிகள் பலவாறாக வைத்திருக்கின்றன என்பதும் அவர்களுக்குத் தெரியவில்லை.

ஊர் முழுவதன் மீதான கடமை

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 204) தம் 'அர்ரிஸாலா'வில் இஜ்திஹாத் என்றால் என்ன என்பதை விளக்க எடுத்துக்கொண்ட உதாரணமே கிப்லாவைத் தேடுவதுதான். கஃபாவைக் கண்ணால் காணாதவன், அல்லாஹ் தந்த அறிவைக் கொண்டும் அவன் அமைத்த நட்சத்திரங்கள் முதலிய அடையாளங்களைக் கொண்டும் தேட வேண்டும் என்பதே அவர்கள் உணர்த்தும் கருத்து.

ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள், கிப்லாவின் அடையாளங்களைக் கற்பது ஃபர்ளு கிஃபாயா என்றும், பயணம் புறப்படுபவருக்கோ அது ஃபர்ளு ஐன் என்றும் தெளிவுபடுத்தினார்கள். ஃபர்ளு கிஃபாயாவின் பொருளை நாம் அனைவரும் அறிவோம். ஜனாஸாத் தொழுகையைப் போல, ஊரில் சிலர் நிறைவேற்றினால் அனைவர் மீதும் கடமை நீங்கும். ஒருவருமே நிறைவேற்றாவிட்டால் ஊரே குற்றத்திற்கு உள்ளாகும். அவ்வாறெனில், திசையை அறிந்தவர் ஒருவர்கூட நம் மஹல்லாவில் எஞ்சாமற் போகும் நாள் வந்தால், அது ஓர் இளைஞரின் குறையாக நின்றுவிடாது. ஜமாஅத் முழுவதன் குறையாகிவிடும்.

பள்ளிவாசல் வளர்த்த கணிதம்

இந்தக் கடமை உணர்வே நம் முன்னோர்களை மாபெரும் கணித மேதைகளாக்கிற்று. பக்தாதில் கலீஃபா மஃமூனின் ஆட்சியில் (813-833) வாழ்ந்த அல்குவாரிஸ்மி எழுதிய 'அல்ஜப்ர்' நூலிலிருந்தே அல்ஜீப்ரா என்னும் பெயர் உலகெங்கும் பரவியது. அந்நூலின் பெரும்பகுதி வஸிய்யத்து, வாரிசுரிமைக் கணக்குகளைப் பற்றியது. அவருடைய பெயரின் இலத்தீன் வடிவத்திலிருந்து பிறந்த சொல்லே அல்காரிதம். இன்று ஒவ்வொரு செயலியும் அல்காரிதத்தால்தான் இயங்குகிறது. பெயரைத் தந்த சமுதாயத்தின் பிள்ளைகள் அதன் பொருளை அறியாமல் பொத்தானை மட்டும் அழுத்திக்கொண்டிருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

973ஆம் ஆண்டில் பிறந்த அல்பிரூனி, கஸ்னா நகரின் கிப்லாவைத் துல்லியமாக அறிவதற்காகவே ஊர்களின் இருப்பிடங்களைக் கணிக்கும் முறைகளை ஆராய்ந்து 1025இல் ஒரு தனி நூலை நிறைவு செய்தார். இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனா கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தையும் அதன் உச்சியிலிருந்து தெரியும் அடிவானத்தின் தாழ்வையும் அளந்து, பூமியின் ஆரத்தை உண்மைக்கு மிக நெருக்கமாகக் கணக்கிட்டவரும் அவரே.

13ஆம் நூற்றாண்டு முதல் எகிப்திலும் பின்னர் ஷாமிலும் பெரிய பள்ளிவாசல்களில் 'முவக்கித்' என்னும் பதவி இருந்தது. தொழுகை நேரங்களைக் கணிப்பதே அவர் பணி. திமிஷ்கின் உமையாக்கள் பள்ளிவாசலில் முவக்கித்தாக இருந்த இப்னு ஷாத்திர் (1304-1375), 1371இல் அதன் மினாராவுக்காகப் பளிங்கில் ஒரு பெரிய நிழற்கடிகாரத்தைச் செதுக்கினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, திசைகாட்டியும் நிழற்கடிகாரமும் அடங்கிய, கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறு பெட்டியொன்றையும் செய்தார். நேரத்தையும் கிப்லாவையும் காட்டிய அப்பெட்டியை அக்காலத்துக் கைப்பேசி என்றே சொல்லலாம். ஆக, நம் முன்னோர்கள் கருவிக்குப் பகைவர்கள் அல்லர். அவர்களே கருவிகளைப் படைத்தவர்கள். கருவி காட்டுவது சரிதானா என்று சோதிக்கும் அறிவும் அவர்களிடம் இருந்தது.

நம் கரையில்

அரபு மாலுமிகள் 'கமால்' என்னும் சிறிய மரப்பலகையைப் பயன்படுத்தினர். அதில் கட்டிய முடிச்சுக் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகையின் கீழ்விளிம்பை அடிவானத்திலும் மேல்விளிம்பைத் துருவ நட்சத்திரத்திலும் பொருத்தி, கப்பல் எவ்வளவு வடக்கே இருக்கிறது என்று அறிந்தனர். சோழமண்டலக் கரை மாலுமிகளும் இத்தகைய கருவியைக் கையாண்டனர் என்பதை 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் காட்டுகின்றன. கயிற்றின் ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகம். வானத்தைப் படிக்கத் தெரியாதவனின் கையில் அது வெறும் பலகையே.

இயந்திரக் கடிகாரம் பரவியபோது நிலைமை மாறியது. 1792இல் சென்னையில் அமைந்த வானாய்வு நிலையத்தின் 'சென்னை நேர'த்தை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய இரயில்வேக்கள் பின்பற்றின. 1906 ஜனவரி 1 முதல் இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது; அது சென்னை நேரத்தைவிட ஏறத்தாழ 9 நிமிடம் முந்தியது. எனவே சென்னையில் கடிகாரம் பன்னிரண்டைக் காட்டுவதும் கதிரவன் உச்சியில் நிற்பதும் பெரும்பாலான நாள்களில் ஒன்றன்று. நவம்பர் தொடக்கத்தில் 11.52 அளவிலும், பிப்ரவரி நடுவில் 12.23 அளவிலும் உச்சி வேளை வருகிறது. கடிகாரம் வந்த பின்பும் நிழலைப் பார்த்த தலைமுறை இதை அறிந்திருந்தது. பின்வந்தோர் அட்டவணையை மட்டும் பார்த்தனர். இப்போது அந்த அட்டவணையும் கைப்பேசிக்குள் போய்விட்டது.

ஏடும் நெஞ்சும்

யமாமாப் போரில் குர்ஆனை மனனம் செய்த ஸஹாபாக்கள் பலர் ஷஹீதானபோது, உமர் (ரலி) அவர்களின் ஆலோசனையின்படி கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள் குர்ஆனை ஒரே ஏடாகத் தொகுக்க ஆணையிட்டார்கள். பொறுப்பேற்ற ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்கள் எழுதப்பட்டிருந்தவற்றையும் மனிதர்களின் நெஞ்சங்களில் இருந்ததையும் ஒப்புநோக்கியே தொகுத்தார்கள். ஏடு வந்துவிட்டதே என்று உம்மத் மனனத்தைக் கைவிட்டதா? இல்லை. பதினான்கு நூற்றாண்டுகள் கடந்தும் ஹாஃபிள்கள் உருவாகிக்கொண்டே இருக்கின்றனர். அச்சுப் பிழையுள்ள ஒரு பிரதி வந்தால் அதை உடனே கண்டுபிடிப்பது நெஞ்சிலுள்ள குர்ஆனே. கருவிகள் அனைத்திற்கும் நாம் கொள்ள வேண்டிய முன்மாதிரி இதுவே.

உரிமை பறிபோகும் இடம்

"கைப்பேசி இருக்கும்போது நமக்கு ஏன் இந்தச் சிரமம்?" என்று கேட்போர் உண்டு. ஓர் உதாரணம் பாருங்கள். ஒருவர் மனைவி, ஒரு மகன், ஒரு மகள் ஆகியோரை விட்டு மறைகிறார். சொத்தை 24 பங்காக்கினால் மனைவிக்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7. செயலி நொடியில் சரியாகச் சொல்லிவிடும். ஆனால் வேறொரு மகன் வீட்டில் வாழும் மறைந்தவரின் தாயைச் சேர்க்க வேண்டும் என்று விவரங்களைப் பதிந்த இளைஞருக்குத் தெரியவில்லை என்று வையுங்கள். ஆறில் ஒரு பங்கு அந்தத் தாயின் உரிமை. அவரையும் சேர்த்தால் சொத்து 72 பங்காகி, மனைவிக்கு 9, தாய்க்கு 12, மகனுக்கு 34, மகளுக்கு 17 என்று கணக்கே மாறுகிறது. கேட்காத கேள்விக்குச் செயலி விடை சொல்லாது. அது தவறாகக் கணக்கிடவில்லை. ஆயினும் ஒரு முதிய தாயின் ஹக்கு பறிபோய்விட்டது. கடனையும் வஸிய்யத்தையும் முதலில் நிறைவேற்ற வேண்டும், வஸிய்யத்து மூன்றில் ஒன்றைத் தாண்டலாகாது என்பனவற்றை அறியாதவர் கையிலும் இதே விபத்து நிகழும்.

கிப்லாவும் அவ்வாறே. கைப்பேசியின் திசைகாட்டி காந்தத்தால் இயங்குவது. காந்தம் பதித்த உறை, இரும்புக் கட்டில், ஒலிபெருக்கி ஆகியவற்றின் அருகில் அது பிறழும். நம் நாட்டில் கிப்லா நேர் மேற்கன்று. தமிழகத்தில் இடத்திற்கேற்ப மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 18 முதல் 24 பாகை சாய்ந்தது. இவ்வளவு தெரிந்தவர் முள் பிறழ்ந்தவுடன் கண்டுகொள்வார். தெரியாதவர் முள் காட்டிய பக்கம் தக்பீர் கட்டுவார்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, பள்ளி வளாகத்தில் வெயில் படும் இடத்தில் ஒரு குச்சியை நட்டு, சுற்றி ஒரு வட்டம் வரைவோம். முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் புள்ளியையும், பிற்பகலில் மீண்டும் தொடும் புள்ளியையும் குறித்து, இரண்டுக்கும் நடுவிலிருந்து குச்சியின் அடிக்குக் கோடு இழுத்தால் அதுவே வடக்கு தெற்கு. இம்முறையை ஷரஹுல் விகாயா முதலிய ஃபிக்ஹு நூல்கள் 'அத்தாயிரத்துல் ஹிந்திய்யா', அதாவது இந்திய வட்டம் என்று அழைக்கின்றன. நம் நாட்டின் பெயரைத் தாங்கிய இம்முறையை நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

இரண்டாவது, ஆண்டுதோறும் மே 28 அளவில் இந்திய நேரம் பிற்பகல் 2.48க்கும், ஜூலை 16 அளவில் 2.57க்கும் கதிரவன் கஃபாவுக்கு நேர் மேலே வருகிறது. சில ஆண்டுகளில் இது ஒரு நாள் முந்தும். 13ஆம் நூற்றாண்டின் அறிஞர் நஸீருத்தீன் தூஸி எடுத்துரைத்த வழி இது. அந்நேரத்தில் கதிரவன் இருக்கும் திக்கே கிப்லா. அன்று ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையும் தன் வீட்டின் கிப்லாவைத் தானே கண்டு ஒரு கோடு வரையட்டும்.

மூன்றாவது, மக்தப் மத்ரஸாவின் கோடை விடுமுறை வகுப்புகளில் ஃபராயிள், ஜகாத் கணக்குகளைத் தாளில் எழுதிப் பழக்குவோம். முதலில் கையால் கணக்கிட்டு, பிறகு செயலியில் சரிபார்க்கட்டும். இந்த வரிசை மாறலாகாது.

நான்காவது, இக்கலைகளை அறிந்த பெரியவர்கள் நம் மஹல்லாவில் இன்னும் சிலர் உள்ளனர். அவர்கள் ஹயாத்தோடு இருக்கும்போதே இளைஞர்களை அவர்களிடம் அனுப்புவோம்.

கருவி நம் கையில் இருக்கட்டும். அறிவு நம் நெஞ்சில் இருக்கட்டும். மின்சாரமும் சிக்னலும் இல்லாத இடத்திலும் உரிய நேரத்தில், உரிய திசையில் ஸஜ்தா செய்யத் தெரிந்த சந்ததிகளாக நம் மக்களை ஆக்கும் பொறுப்பு நம் ஜமாஅத்தின் மீது இருக்கிறது. அதை நிறைவேற்றும் தவ்ஃபீக்கை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.