கிங்ஸ்டன் 2002: கை மாறிய குச்சி

உசேன் போல்ட் என்றதும் பேரன் பேத்திகள்கூட இரண்டு கைகளையும் வில் போல வளைத்துக் காட்டுகிறார்கள். அவர் வென்ற ஓட்டங்கள் எல்லோருக்கும் தெரியும். பதினைந்து வயதில் அவர் தோற்ற ஓர் ஓட்டத்தைப் பற்றி இன்று எழுதுகிறேன்.

2002 ஜூலை 16 முதல் 21 வரை, ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் இருபது வயதுக்கு உட்பட்டோருக்கான உலக ஜூனியர் தடகளப் போட்டி நடந்தது. அந்த நாட்டில் பள்ளிப் பிள்ளைகளின் ஓட்டம் என்றால், நம் ஊரில் கிரிக்கெட் மாதிரி. 1910-லிருந்து நடந்துவரும் 'சாம்ப்ஸ்' என்ற பள்ளிகள் போட்டிக்கே தேசிய ஸ்டேடியம் நிரம்பி வழியும்.

போல்ட்டுக்குப் பதினாறு முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. 200 மீட்டர் இறுதிப் போட்டிக்கு முன் பயத்தில் இடது ஷூவை வலது காலில் மாட்டிக்கொண்டதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். ஆனாலும் 20.61 விநாடியில் ஓடி முதலாவதாக வந்தார். ஊரே கொண்டாடியது.

அடுத்தது 4x100 மீட்டர் ரிலே. அதே மைதானம், அதே கூட்டம். ஆனால் அமெரிக்கப் பையன்கள் 38.92 விநாடியில் முந்திவிட்டார்கள். போல்ட் இருந்த ஜமைக்கா அணி 39.15-ல் வெள்ளி. வித்தியாசம் கால் விநாடிகூட இல்லை.

இங்கே ஒரு கணக்கு. 38.92-ஐ நான்கால் வகுத்தால் ஆளுக்கு 9.73 விநாடி. அன்றைக்கு 100 மீட்டரில் பெரியவர்களின் உலக சாதனையே மாரிஸ் கிரீனின் 9.79தான்! பையன்கள் அதைவிட வேகமா? இல்லை. முதல் ஆள் மட்டும்தான் நின்ற இடத்திலிருந்து கிளம்புகிறான். மற்ற மூவரும் ஓடிக்கொண்டே குச்சியை வாங்குகிறார்கள். வாங்குகிறவன் திரும்பிப் பார்க்காமல் ஓடுவான், கொடுப்பவன் குரல் கொடுப்பான், கை பின்னால் நீளும். ரிலேயின் வெற்றி தோல்வி பெரும்பாலும் அந்தச் சில அடி தூரத்தில்தான்.

போல்ட்டின் வாழ்க்கையில் ரிலே பிறகும் பாடாய்ப் படுத்தியது. 2008 பெய்ஜிங்கில் 37.10 விநாடியில் தங்கம். ஆனால் அதே அணியில் ஓடிய நெஸ்டா கார்ட்டரின் மாதிரியை மறுபடி சோதித்தபோது தடை செய்யப்பட்ட மருந்து இருந்ததால், 2017 ஜனவரியில் நால்வரின் தங்கமும் பறிபோனது. போல்ட்டின் ஒன்பது ஒலிம்பிக் தங்கம் எட்டானது. 2012 லண்டனில் 36.84 என்று உலக சாதனை. அதே லண்டனில் 2017 ஆகஸ்டில், கடைசி ஓட்டமும் ரிலேதான். கடைசி ஆளாகக் குச்சியை வாங்கி ஓடியவர் தொடை பிடித்துக்கொண்டு பாதியில் விழுந்தார். இந்த முறை மற்ற மூவரின் பதக்கமும் இவரால் போயிற்று.

டிவியில் அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் வேறு.

1968-ல் மாவட்டப் பள்ளிகள் போட்டியில் எங்கள் ரிலே அணியில் நான் மூன்றாவது ஆள். என் வகுப்புத் தோழன் நான்காவது. சுண்ணாம்புக் கோடு போட்ட மண் மைதானம், வெறுங்கால். நாங்கள்தான் முன்னால் இருந்தோம். மாற்றும் இடத்தில் குச்சி கீழே விழுந்தது. "அவன் சீக்கிரமே ஓடிட்டான் சார்" என்று டிரில் மாஸ்டரிடம் சொன்னேன். எல்லோர் முன்னாலும் அவனுக்குத்தான் திட்டு. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அதையே ஐம்பது வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ரிலே விதி ஒன்று உண்டு. வாங்குகிறவன் கைக்குக் குச்சி முழுதாகப் போய்ச் சேரும்வரை அது கொடுப்பவன் பொறுப்பு. நடுவில் விழுந்தால் அவன்தான் எடுக்க வேண்டும். அந்த நாளை நினைத்துப் பார்த்தால், அவன் விரல்கள் மூடும் முன்பே நான் விட்டுவிட்டேன் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும்.

மறுநாள் காலை நம்பர் தேடிப் பிடித்து அவனுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"எனக்கு அப்பவே தெரியும்டா. நீயே சொல்லுவேன்னு பார்த்தேன். சரி, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றான்.

உங்களில் யார் கையிலாவது இப்படிப் பழைய குச்சி ஒன்று இருந்தால், நாள் கடத்தாமல் கொடுத்துவிடுங்கள். எனக்கு 49 வருஷம் ஆயிற்று.